முதல் பரிசு பெற்ற குற்ற உணர்வு

கொத்தனாருக்கு மூன்று வருடம் போட்டார்கள். கவனக்குறைவால் ஓர் உயிர் போகக் காரணமாக இருந்தது குற்றம். ஒரு கட்டடத்தின் முகப்பில் போட்ட கான்கிரீட் தளம், தாங்கி நின்ற முட்டுகளைப் பிரித்த அன்றைக்கே இறங்கி, அதன் கீழே உட்கார்ந்திருந்த கையாளை நசுக்கிவிட்டது. கான்கிரீட் போட்ட ஒன்பதாம் நாளே பிரிக்கச் சொன்னவர் கான்ட்ராக்டர். பிரித்தவர் கொத்தனார். கான்ட்ராக்டர் சொன்னதற்குச் சாட்சி இல்லை. கொத்தனார் பிரித்ததை வேலையிடத்தில் இருந்த அத்தனை பேரும் பார்த்திருந்தார்கள். இறந்துபோன கையாளின் மனைவி கூண்டில் ஏறி, "அண்ணன் மேல தப்பில்லைங்க, எங்க வீட்டுக்காரரு அவர விட்டா வேற யாருகிட்டயும் வேலைக்குப் போக மாட்டாரு" என்று அழுததால்தான் விஷயம் மூன்று வருடத்தோடு நின்றது என்று வக்கீல் சொன்னார்.

பாதித் தண்டனையைக் கழித்த பிறகு ஒருநாள் மனைவி பார்க்க வந்தாள். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, வயிற்றில் கட்டி இருப்பதாகவும் சீக்கிரம் எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்வதாகவும், சந்தையில் காய் விலை சொல்வது மாதிரி சொன்னாள்.

"எடுத்துட வேண்டியதுதானே?"

"தனியாவாங்க? மயக்க மருந்து குடுத்தா எந்திரிப்பனோ மாட்டனோ. நீங்க வெளிய இருந்தா தேவலை."

கொத்தனார் அன்று மத்தியானமே இலக்கியவழி மனத்திருத்த வாரியத்துக்கு மனு எழுதிக் கொடுத்தார்.

இந்த வாரியத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆங்கில இலக்கியத்தின் பழைய பெரிய நாவல்களில் உள்ள கருப்பொருள்களை மனதில் ஏற்றினால் எப்பேர்ப்பட்ட குற்றவாளியும் திருந்திவிடுவான் என்பது வாரியத்தின் கொள்கை. பாதித் தண்டனை முடித்தவர்கள் விண்ணப்பிக்கலாம். தேர்வில் தேறினால் மீதித் தண்டனை தள்ளுபடி. மூன்று முறைதான் வாய்ப்பு. எந்தக் குற்றத்துக்கு எந்த நாவல் என்று பட்டியல் போட்டு அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தார்கள். திருடர்களுக்கு, உழைத்து முன்னேறிய அநாதையின் கதை. கள்ளக் கையெழுத்துப் போட்டவர்களுக்கும் ஆள்மாறாட்டம் செய்தவர்களுக்கும், சொத்துக்காகப் பெயரை மாற்றிக்கொண்ட சீமாட்டியின் கதை. மனைவியை அடித்தவர்களுக்கு, நானூறு பக்கம் சண்டை போட்டுவிட்டுக் கடைசியில் கல்யாணம் செய்துகொள்ளும் இருவரின் கதை. உயிர்ச்சேதம் சம்பந்தப்பட்ட எல்லா வழக்குகளுக்கும் ஒரே நாவல்தான்: பிரபுவின் வாரிசைக் கொன்ற காரியஸ்தனின் கதை.

"ஏன் ஐயா இங்கிலீஷ் கதையே?" என்று அறிமுகக் கூட்டத்தில் யாரோ கேட்டார்கள்.

வாரியத்தின் செயலாளர், ஒல்லியான மனிதர், இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர் மாதிரி எழுந்தார். "நம்ம ஆளுங்க கதையைக் கொடுத்தா, படிக்கிறவன் பாவம்யா இவன்னு சொல்லிடறான். அப்புறம் எங்க திருந்தறது? இங்கிலீஷ் கதைன்னா எல்லாம் தூரத்துல நடக்குது. யார் மேலயும் பாவம் வராது. கருப்பொருள் மட்டும் சுத்தமா நிக்கும்."

எல்லோரும் கை தட்டினார்கள். தட்டாதவர்களின் பெயரை வார்டர் எழுதிக்கொண்டார்.

கொத்தனாருக்குப் பதினெட்டுப் பக்கத்தில் ஒரு சிறு புத்தகம் கொடுத்தார்கள். கதைச்சுருக்கம் ஐந்து பக்கம், மீதி கருப்பொருள். பேராசை, சூழ்ச்சி, குற்ற உணர்வு, ஒப்புதல் என்று நான்கு. பெரிய பண்ணை வீட்டில் காரியஸ்தனாக இருந்தவன், தானே எல்லாவற்றையும் ஆள வேண்டும் என்ற பேராசையில், ஓடையின் மேலிருந்த மரப்பாலத்தின் ஆணிகளைத் தளர்த்தி வைக்கிறான். வாரிசு விழுந்து சாகிறான். காரியஸ்தன் தூங்க முடியாமல் தவித்து, சர்ச்சில் எல்லோர் முன்னாலும் ஒப்புக்கொண்டு, நிம்மதியாகத் தூக்கில் தொங்குகிறான். அவ்வளவுதான்.

கொத்தனார் செய்த முதல் தப்பு, முழு நாவலையும் படித்தது.

சிறை நூலகத்தைக் கம்பவுண்டர் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் இல்லாத ஓர் ஊரில் பதினோரு வருடம் டாக்டராக இருந்ததற்காக உள்ளே வந்தவர். எந்த வியாதியைச் சொன்னாலும் தலையாட்டிவிட்டு ஏதோ எழுதிக் கொடுக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. அந்த நாவலின் தமிழ் மொழிபெயர்ப்பை அவர்தான் அலமாரியின் மேல்தட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தார். நானூற்றுப் பன்னிரண்டு பக்கம். பல தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டியபடியே இருந்தன. அதுவரை யாரும் திறந்ததில்லை.

கொத்தனார் ஆறாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவர். எழுத்துக் கூட்டிக் கூட்டி நாற்பது நாள் படித்தார். சிறையின் செங்கல் சூளைக் கொட்டகையில் வேலை முடிந்த சாயங்காலங்களில், குளியலறைக்கு வரிசையில் நிற்கும்போது, சாப்பாட்டுத் தட்டைக் கழுவிக் கவிழ்த்த கையோடு. முதல் நூறு பக்கம் யார் யாருக்கு என்ன உறவு என்பதே பிடிபடவில்லை. அப்புறம் பாலம் வந்தது. பாலம் வந்ததிலிருந்து கொத்தனார் புத்தகத்தைக் கீழே வைக்கவில்லை.

காரியஸ்தன் அந்தப் பாலத்தின் மரத்தை மாற்றச் சொல்லி மூன்று முறை பிரபுவிடம் கேட்கிறான். மூன்று முறையும் பிரபு, இந்த வருடம் தாங்கும் என்கிறார். வாரிசு செத்துத் தொலைய மாட்டானா என்று காரியஸ்தன் ஒருநாள் மனதுக்குள் நினைத்துக்கொள்கிறான். நினைத்த மறுவாரமே பாலம் உடைகிறது. அதன் பிறகு, தான் ஆணியைத் தொட்டோமா தொடவில்லையா என்பது அவனுக்கே தெரியாமல் போய்விடுகிறது. அவனைத் தூக்கில் போட்டபின் கடைசி அத்தியாயத்தில் ஒரு கிழட்டுத் தச்சன் ஓடையிலிருந்து மரத்தை இழுத்துப் போட்டுப் பார்க்கிறான். உள்ளே முழுக்க உளுத்திருக்கிறது. ஆணிகள் அடித்த இடத்தில் அடித்தபடி இருக்கின்றன.

கொத்தனார் அந்தப் பக்கத்தை நான்கு முறை படித்தார். பிறகு குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டார்.

முதல் தேர்வு வாய்மொழி. நீளமான மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் வாரியத் தலைவர், ஓய்வுபெற்ற பேராசிரியர். வலப்பக்கம் செயலாளர். இடப்பக்கம் சிறைக் கண்காணிப்பாளர். கதர்ப் பையிலிருந்து வேறு ஏதோ ஃபைலை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாவலின் மையக் கருப்பொருள் என்ன?" என்றார் பேராசிரியர்.

"மரம் உளுத்துப் போச்சுங்க ஐயா."

"என்னது?"

"பாலத்து மரம். மூணு தடவ சொல்லியும் மாத்தல. அந்த ஆளு மேல தப்பே இல்லைங்க. கடைசியில தச்சன் சொல்றான்ல."

"எந்தத் தச்சன்?"

பேராசிரியர் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் பதினெட்டுப் பக்கப் புத்தகத்தைப் புரட்டினார். தச்சன் இல்லை.

"புத்தகத்துல இருக்காங்க ஐயா. முழுசா நானூறு பக்கம் படிச்சேன்."

பேராசிரியரின் முகம் சிவந்தது. ஆனால் நல்ல ஆசிரியர், பொறுமையாகவே பேசினார். "இங்க பாருப்பா. இந்த நாவலை நான் முப்பத்திரண்டு வருஷம் வகுப்புல நடத்தியிருக்கேன். என் மாணவர்கள் இன்னிக்குப் பெரிய பெரிய பதவியில இருக்காங்க. அதை உக்காந்து படிக்க எனக்கு ஒருநாள்கூட நேரம் கிடைச்சதில்ல. அவ்வளவு ஆழமான நாவல் அது. நீ ஒரு கொத்தனார், நாற்பது நாள்ல படிச்சேன்னு வந்து நிக்கறே. இதுவும் ஒருவகைப் பேராசைதான், தெரியுதா?"

தேறவில்லை. மூல நூலைப் படிப்பது தேர்வு முறைகேடாகக் கருதப்படும் என்று மறுவாரம் சுற்றறிக்கை வந்தது. மொழிபெயர்ப்பைக் கண்காணிப்பாளர் அறையில் வைத்துப் பூட்டினார்கள்.

மனைவி வந்தபோது இரண்டு மாதம் பொறுக்கச் சொன்னார். அவள் டாக்டரிடம் போய்த் தேதியைத் தள்ளிப்போட்டாள்.

இரண்டாவது தேர்வில் கருப்பொருளைத் தன் வாழ்க்கையோடு பொருத்திக் காட்ட வேண்டும். இது எளிது என்று கொத்தனார் நினைத்தார். இரண்டு வருடமாக நெஞ்சில் கிடப்பதைச் சொல்லிவிட்டால் போதும்.

"அன்னிக்கு முட்டு பிரிச்சு முடிச்சோம்ங்க. நல்ல வெயில். சாப்பாட்டு நேரம். அவன் தூக்குவாளியைக் கையில வச்சுக்கிட்டு, எங்கண்ணே உக்காருறதுன்னு கேட்டான். நான் சிமெண்ட் கரண்டியைக் கழுவிக்கிட்டு இருந்தேன். திரும்பிக்கூடப் பாக்கல. நிழல்ல உக்காருடான்னேன். அந்தத் தளத்துக்குக் கீழதான் நிழல் இருந்துச்சு. போய் உக்காந்தான். ஒன்பது நாள்ல பிரிக்கக் கூடாதுன்னு எனக்குத் தெரியும். இருபது வருஷமா கரண்டி புடிக்கிறேன், தெரியாதா? தெரிஞ்சும் நிழல்ல உக்காருன்னு சொன்னேன்ங்க."

கண்காணிப்பாளர்கூட ஃபைலை மூடினார். செயலாளர் மதிப்பெண் தாளைப் பேராசிரியர் பக்கம் நகர்த்தினார்.

"இதுல பேராசை எங்க இருக்கு?" என்றார் பேராசிரியர்.

"இல்லைங்க."

"சூழ்ச்சி?"

"சூழ்ச்சி என்னங்க ஐயா, நிழல்ல உக்காருன்னு சொன்னேன்."

"அதான் நானும் கேக்கறேன். ஒருத்தன் கேக்கறான், நீ சொல்றே, அவன் உக்காருறான், தளம் விழுது. இதுல என்ன இருக்கு? இது கதையே இல்லப்பா. காரணமில்லாத ஒரு சாவை வச்சுக்கிட்டு நாங்க எதைத் திருத்தறது?"

பேராசைக்குச் சைபர், சூழ்ச்சிக்குச் சைபர், ஒப்புக்கொள்ள எதுவும் இல்லை என்று ஒப்புதலுக்கும் சைபர், குற்ற உணர்வுக்குப் பத்துக்கு இரண்டு. "அந்த ரெண்டும் நீ கண் கலங்கினதுக்காகப் போட்டது" என்று செயலாளர் வெளியே வந்து அன்பாகச் சொன்னார். "அடுத்த தடவை எழுத்துத் தேர்வு. யாரையாவது வச்சுத் தயார் பண்ணிக்க. உன்னால எங்க தேர்ச்சி விகிதம் கீழ போகுது."

மனைவி மறுபடியும் தேதியைத் தள்ளிப்போட்டாள். இந்த முறை கம்பி வலையைப் பிடித்துக்கொண்டுதான் அவளால் நிற்க முடிந்தது. "டாக்டரு திட்றாரு. நீங்க வந்துருவீங்கன்னு சொல்லியிருக்கேன்" என்றாள்.

கொத்தனார் நேராகக் கம்பவுண்டரிடம் போனார்.

கம்பவுண்டர் கேட்டுவிட்டுத் தலையாட்டினார். "இது மருந்து கலக்கற மாதிரிதான் மேஸ்திரி. நாலு கருப்பொருள். வேளைக்கு ஒண்ணு. எதையும் விட்டுடக் கூடாது." பென்சிலைக் காதிலிருந்து எடுத்தார். "பேராசையில ஆரம்பிப்போம். உங்க கையாளு நல்லா வேலை செய்வானா?"

"தங்கமா செய்வான்."

"அப்ப அவன் தொழில் கத்துக்கிட்டு உங்களை மீறிப் போயிடுவான்னு பயந்தீங்க. கான்ட்ராக்டரு அவனையே மேஸ்திரி ஆக்கப் பாத்தாரு."

"அவனுக்கு மேஸ்திரி ஆகற ஆசையே கிடையாதுங்க. கணக்குப் போடச் சொன்னா ஓடிடுவான்."

"உங்களுக்கு ஆசை இருந்தா போதும். அடுத்தது சூழ்ச்சி. முட்டுகளை வேணும்னே சீக்கிரம் பிரிச்சீங்க. நிழல்ல உக்காருன்னு சொன்னீங்கல்ல? அங்கதான் விஷயமே. ஏன் சொன்னீங்க?"

"வெயிலா இருந்துச்சு."

"இல்ல. அவன் சாகணும்னு சொன்னீங்க."

கொத்தனார் எழுந்துவிட்டார். கம்பவுண்டர் அவர் தோளைப் பிடித்து உட்கார வைத்தார்.

"பொய்யில்லையா இது?"

"பொய்யில்ல மேஸ்திரி. கட்டுரை."

கொத்தனார் சுவரைப் பார்த்தார். பூச்சு சரியில்லாத சுவர். மூலையில் உப்பிக்கொண்டு நின்றது. பிறகு மனைவி கம்பி வலையைப் பிடித்துக்கொண்டு நின்றது ஞாபகம் வந்தது. "சொல்லுங்க" என்றார்.

கம்பவுண்டர் எழுதித் தந்ததை மனப்பாடம் செய்து, தேர்வு அறையில் தன் கையாலேயே பதினோரு பக்கம் எழுதினார். 'அவன் கண்களில் நான் என் வீழ்ச்சியைக் கண்டேன்' என்று தொடங்கி, 'அந்தத் தளம் அவன் மீது மட்டுமா விழுந்தது?' என்று முடிந்தது. வீழ்ச்சி என்ற சொல்லில் வருவது 'ழ'வா 'ள'வா என்பது மட்டும் கடைசிவரை சந்தேகமாகவே இருந்தது.

முடிவைச் சொல்லக் கூப்பிட்டபோது பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். அழுதிருந்தார். "ஏன்யா இதை முதல்லயே சொல்லல?" என்றார். "எவ்வளவு பெரிய கதையை உள்ள வச்சுக்கிட்டு, வெயிலு, நிழலு, தூக்குவாளின்னு எங்க நேரத்தை வீணாக்கினே!"

நாற்பதுக்கு முப்பத்தொன்பது. எழுத்துப்பிழைக்கு ஒன்று போயிற்று. வாரியம் தொடங்கிய நாளிலிருந்து இப்படி ஒரு மதிப்பெண் யாரும் வாங்கியதில்லை என்பதால் விழா எடுத்தார்கள். மேடையில் கொத்தனாருக்கு நாற்காலி போட்டார்கள். கண்காணிப்பாளர் பேசும்போது, எல்லாக் கொலைகாரர்களும் இவரைப் போலக் கொலைகாரர்களாக இருக்க வேண்டும் என்றார். பேராசிரியர் நாற்பது நிமிடம் பேசினார். "இந்த மனிதன் முதல்ல நம்மகிட்ட வரும்போது நிரபராதி மாதிரி வந்தான். அவனைக் குற்றவாளியா உணர வச்சது யாரு? சட்டமா? நீதிமன்றமா? அவங்களால முடியல. இலக்கியம்! அதுதான் அவனுக்குள்ள இல்லாததையெல்லாம் வெளியில கொண்டு வந்தது!" கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. முதல் பரிசாகச் சான்றிதழும், அந்தப் பதினெட்டுப் பக்கப் புத்தகத்தின் கெட்டி அட்டைப் பதிப்பும் கொடுத்தார்கள். கட்டுரையை ஆண்டு மலரில் முதல் பக்கத்திலேயே அச்சடித்தார்கள். மலரின் பிரதிகள் வழக்கம்போல நீதிமன்றத்துக்கும், காவல்துறைக்கும், மனம் ஆறட்டும் என்று பாதிக்கப்பட்டவர்களின் வீடுகளுக்கும் போயின.

விழா முடிந்து பதினைந்தாம் நாள் விடுதலை. மனைவியின் ஆபரேஷன் பதினாறாம் நாள். கொத்தனார் துணி மூட்டையோடு வாசலைத் தாண்டினார். வெளியே நின்ற போலீஸ்காரர்கள் அவர் கட்டுரையை உறையில் போட்டு வைத்திருந்தார்கள்.

"உன் கையெழுத்துதானே?"

"என்னுதுதாங்க."

"திட்டமிட்ட கொலை" என்றார் அதிகாரி. சொல்லும்போதே கொஞ்சம் மரியாதையாகப் பார்த்தார். அவரும் படித்திருந்தார்.

வந்த வாசல் வழியாகவே திரும்பக் கூட்டிப்போனார்கள்.

வாரியத்தின் முன்னால் நிற்க மூன்று நாள் கெஞ்ச வேண்டியிருந்தது. அதற்குள் பதினாறாம் நாள் போய்விட்டது. அடுத்த வீட்டுப் பெண்மணி துணைக்கு நின்றாளாம். கட்டி பரவியிருந்ததால் பாதியைத்தான் எடுக்க முடிந்ததாம். மீதியைப் பற்றிப் பிறகு சொல்வதாக டாக்டர் சொன்னாராம். ஒரு கார்டில் இவ்வளவும் வந்தது.

"அது கட்டுரைதான்னு ஒரு வார்த்தை எழுதிக் கொடுங்க ஐயா" என்றார் கொத்தனார். கையெடுத்துக் கும்பிட்டபடியே நின்றார். "நீங்க கேட்டீங்கன்னுதான் எழுதினேன். எதுவும் நடக்கல."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். செயலாளர் காதோடு ஏதோ சொன்னார். பேராசிரியர் தொண்டையைச் செருமினார்.

"உன் கஷ்டம் எனக்குப் புரியுதுப்பா. ஆனா யோசிச்சுப் பாரு. நீ எழுதினது பொய்யின்னா, பொய்க்கு நாங்க முப்பத்தொன்பது மார்க் போட்டிருக்கோம். அப்ப இதுவரைக்கும் தேறிப் போன இருநூத்துப் பதினாலு பேரும் என்ன ஆவாங்க? இந்த முறையே தப்புன்னு ஆயிடும். நீ எழுதினது உண்மைன்னா, ஒரே ஒருத்தன் கொலைகாரன். ரெண்டுல எது சின்ன நஷ்டம்?" கொஞ்சம் நிறுத்தி, இறங்கிய குரலில் சொன்னார்: "அதுவுமில்லாம, அவ்வளவு நல்லா எழுதினதை நடக்கலன்னு சொல்ல எனக்கு மனசு வரல."

கொத்தனார் கம்பவுண்டரைச் சாட்சிக்கு அழைக்கச் சொன்னார். கம்பவுண்டர் போன வாரமே சீமாட்டி கதையில் தேறி வெளியே போய்விட்டிருந்தார். கொடுத்த முகவரியில் அப்படி யாரும் இல்லை.

கையாளின் மனைவி அதற்கு அடுத்த செவ்வாய்க்கிழமை வந்தாள். கொத்தனார் அவளை எதிர்பார்க்கவில்லை. கம்பி வலைக்கு அந்தப் பக்கம், இரண்டு கைகளாலும் ஆண்டு மலரை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தபடி நின்றாள். முன்னைக்கு இப்போது ஆள் பாதியாகியிருந்தாள்.

"எனக்குப் படிக்க வராதுண்ணே. துணி தைக்கிற எடத்துல ஒரு அக்கா படிச்சுக் காட்டுச்சு. மூணு தடவ படிக்கச் சொல்லிக் கேட்டேன்."

"அது கட்டுரைம்மா. வெளிய வரணும்னு அவங்க கேட்டபடி எழுதினது. ஒண்ணுகூட நெசமில்ல."

"அப்ப நெசம் என்னண்ணே?"

யாருமே கேட்டிராத கேள்வி. கொத்தனார் சொன்னார். வெயிலைச் சொன்னார், தூக்குவாளியைச் சொன்னார், தான் திரும்பிப் பார்க்காததைச் சொன்னார். "நிழல்ல உக்காருன்னு நான்தாம்மா சொன்னேன். வேற எங்கயாவது கைய காட்டியிருந்தா உசுரோட இருந்திருப்பான்" என்றபோது கம்பி வலையில் நெற்றியை வைத்துக்கொண்டார். வார்டர் தள்ளி நிற்கச் சொன்னார். தள்ளி நின்றார்.

அவள் கடைசி வார்த்தைவரை கேட்டாள். அழவில்லை.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதாம்மா."

மலரைப் புரட்டினாள். படிக்கத் தெரியாவிட்டாலும் அந்தப் பக்கம் எது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. ஓரம் கசங்கியிருந்தது.

"ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சு. காலையில எந்திரிச்சா ஏன், படுக்கப் போனா ஏன். அந்த மனுசன் ஒரு எறும்பை மிதிச்சவரில்ல, அவருக்கு ஏன் இப்படின்னு. யாருகிட்டயும் பதில் இல்ல. இதுல இருக்கு. அவரு பெரிய வேலைக்காரரா வந்துருவாருன்னு ஒருத்தரு பயந்தாரு, அதான் செத்தாருன்னு இருக்கு." பக்கத்தை விரலால் தடவினாள். "நீங்க சொல்றதுல ஒண்ணுமே இல்லையே. வெயில்ல செத்தாருன்னு சொல்ற மாதிரில்ல இருக்கு."

"தங்கச்சி, அதுதாம்மா நடந்தது."

"இருக்கலாம்" என்றாள். மலரை மூடித் துணிப்பைக்குள் வைத்து, பையின் வாயைச் சுருட்டிக்கொண்டாள். "எனக்கு இது போதும். கோர்ட்ல கூப்பிட்டிருக்காங்க. கேட்டா இதையேதான் சொல்லப் போறேன்."

நேரம் முடிந்தது என்று வார்டர் மேஜையைத் தட்டினார். அவள் திரும்பி நான்கடி நடந்து, நின்று, "வரேன்" என்றாள். அண்ணே என்று கூப்பிடவில்லை.